கங்குங் வாய்க்காலின் கொம்புப்புழு

பாரிட் என்றால் மலாய் மொழியில் வாய்க்கால். பாரிட் புந்தாரின் பெயரே வாய்க்காலில்தான் தொடங்குகிறது. பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கிரியான் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் இது. ஆற்றைத் தாண்டினால் கெடாவின் பண்டார் பாரு. சற்று வடக்கே போனால் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால். தெற்கே பாகான் செராய். 1906இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கப் பணி முடிந்தபோது, மலாயாவின் முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் இந்தக் கிரியான் வட்டாரத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் முன்பே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோர்கள் கப்பலேறி வந்துவிட்டார்கள். கரும்பு போனது. ரப்பரும் தென்னையும் வந்தன, பிறகு செம்பனை வந்தது. நெல் நிலைத்தது, வாய்க்கால்களும் நிலைத்தன.

அந்த வாய்க்கால் தண்ணீரில் தண்டு மிதக்கப் படரும் கொடியை இந்த நாட்டில் எல்லாரும் கங்குங் என்கிறோம். பெலாச்சான் போட்டு வதக்கினால் ஒரு தட்டுச் சோறு இறங்கிவிடும். தமிழில் அதற்கு வள்ளைக்கீரை என்று பழைய பெயர் உண்டு. அதன் இலைகள் ஓரத்திலிருந்து நடுநரம்பு வரை கத்தரித்ததுபோல் காணாமல் போயிருந்தால், கீழே மிளகளவுக்குக் கரும்பச்சை எச்சம் உதிர்ந்து கிடந்தால், கொடியைப் புரட்டிப் பாருங்கள். ஆள்காட்டி விரலைவிடத் தடித்த ஒரு புழு தண்டைப் பற்றிக்கொண்டு அசையாமல் இருக்கும். உடம்பின் இருபுறமும் சாய்ந்த கோடுகள். பின்பக்கத்தில் வளைந்த ஒற்றைக் கொம்பு. கொம்புப்புழு என்று நாம் சொல்வது இதைத்தான். கொம்பு கொட்டும் என்று பயந்து செருப்பால் நசுக்குகிறவர்களே அதிகம். அந்தக் கொம்பு கொட்டாது, குத்தாது. அதில் விஷமும் இல்லை.

அந்தி கவிந்த பிறகு வெள்ளைப் பூக்களின் முன்னால் அந்தரத்தில் நின்றபடி தேன் உறிஞ்சும் சாம்பல் நிற உயிர் ஒன்றையும் பலர் பார்த்திருப்பார்கள். சிறகடிப்பு கண்ணுக்குத் தெரியாத வேகம். தேன்சிட்டு வழிதவறி இரவில் வந்துவிட்டது என்று எண்ணுவோரும் உண்டு. புழுவை அறிந்தவர்களும் இந்த இரவு விருந்தாளியை அறிந்தவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். இரண்டும் ஓருயிர் என்று அறிந்தவர்கள்தாம் அரிது. இந்தக் கட்டுரை எழுதப்படுவதே அந்த இடைவெளிக்காகத்தான்.

பருந்து அந்துப்பூச்சிகள் என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது இது. அறிவியல் பெயர் அக்ரியஸ் கன்வால்வுலி. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் தம் புகழ்பெற்ற வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில் இதற்குப் பெயரிட்டார். பெயரின் பின்பாதி, புழு தின்னும் கொடியைக் குறிக்கிறது. கங்குங், சர்க்கரைவள்ளி, கடற்கரை மணலில் படரும் அடும்பு, வேலியில் ஏறும் ஊதாப்பூக் கொடி எல்லாம் அடங்கிய தாவரக் குடும்பம் அது. ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பசிபிக் தீவுகள் என்று உலகின் பெரும்பகுதியில் இந்தப் பூச்சி பரவியிருக்கிறது. இவ்வளவு பெரிய உடம்பும் இவ்வளவு அகன்ற பரவலும் ஒருசேர வாய்த்த பூச்சிகள் அதிகமில்லை.

எப்படிப் பரவியது என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தக் கொடிகளிடம் இருக்கிறது. மேகாலயாவில் கிடைத்த இலைப் புதைபடிவங்களை 2018இல் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் விவரித்தார்கள். ஏறத்தாழ 5 கோடியே 70 லட்சம் ஆண்டுப் பழமையான அந்த இலைகளை அவர்கள் கங்குங்கின் பேரினத்தில் சேர்த்தார்கள். மனிதன் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே இந்தக் கொடியினம் இந்திய நிலப்பரப்பில் வேரூன்றிவிட்டது என்பது அதன் பொருள். அடும்பின் விதை கடல்நீரில் மிதந்து கரைக்குக் கரை போகும். நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்களுக்கு அடும்பு பழகிய கொடி. அதே கொடி பசிபிக் தீவுகளின் மணலிலும் படர்ந்து கிடக்கிறது. கொடி இருக்கும் கரைதோறும் பூச்சிக்கு உணவு காத்திருந்தது.

சர்க்கரைவள்ளியின் கதை வேறு. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். அங்கே அதன் இலையைத் தின்பது அக்ரியஸ் சிங்குலேட்டா என்ற உறவுக்கார இனம். ஐரோப்பியக் கப்பல்கள் 16ஆம் நூற்றாண்டில் கிழங்கை ஆசியாவுக்குக் கொண்டுவந்தன. பசிபிக் தீவுகளுக்கு அது அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பழைய பகையைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்த கிழங்குக்கு இங்கே அந்தப் பகையின் பங்காளி காத்திருந்தான். வள்ளையும் அடும்பும் தின்று பழகிய நம் கொம்புப்புழுவுக்கு, புதிதாக வந்த சர்க்கரைவள்ளி இலை சொந்தக்காரர் வீட்டுச் சமையல் போலத்தான் இருந்திருக்கும். நியூசிலாந்தில் மாவோரி மக்கள் இந்தப் புழுவிடமிருந்து தங்கள் கிழங்குத் தோட்டங்களைக் காக்கக் கடற்காகங்களைப் பழக்கி வளர்த்தார்கள், கௌரி மரப் பிசினை எரித்துப் புகை போட்டார்கள். இந்தப் பூச்சியோடு மனிதன் நடத்திய போராட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. பறவையை நிலத்துக்கு வேலையாளாக அழைத்த அந்த அறிவு எளிதானதன்று.

தமிழ்நாட்டில் இதே புழு உளுந்திலும் பச்சைப்பயற்றிலும் தீங்குப் பூச்சியாக அறியப்பட்டிருக்கிறது. எள் வயலில் காணும் கொம்புப்புழு இதற்கு நெருங்கிய இன்னோர் இனம். அது வளர்ந்து பூச்சியானதும் முதுகில் மண்டையோடு போன்ற குறி இருப்பதால் மண்டையோட்டு அந்துப்பூச்சி என்பார்கள். ஆகவே காவிரிப் படுகையிலிருந்து கிரியானுக்கு வந்த குடியானவருக்குக் கொம்புப்புழு புதுமுகமாக இருந்திருக்காது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி கிடைக்காமல் மலாயாவே மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் நட்டுத் தின்று உயிர் பிழைத்தது. லயத்துப் பின்புறத்தில் கிழங்குக்கொடி படர்ந்த அந்த ஆண்டுகளில் இந்தப் புழுவுக்கும் இரை பஞ்சமில்லாமல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். தாய்ப்பூச்சி இலைக்கு ஒன்றாக ஒட்டிவைத்துவிட்டுப் போய்விடும். பொரிந்து வரும் புழு ஐந்து பருவங்களில் தோலுரித்து வளர்கிறது. வெப்ப நாடுகளில் மூன்று வார அளவில் முழு வளர்ச்சியை எட்டிவிடும். தின்பதில் பெரும்பங்கு கடைசிப் பருவத்தில்தான். நேற்றுவரை நன்றாக இருந்த பாத்தி இன்று மொட்டையாகக் கிடப்பதாகத் தோன்றுவது அதனால்தான். ஒரே தாயின் பிள்ளைகளில் சில பச்சையாகவும் சில கரும்பழுப்பாகவும் இருக்கும். இரண்டு வேறு புழுக்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சீண்டினால் தலையையும் மார்பையும் உயர்த்தி, கழுத்தை வளைத்து அப்படியே உறைந்துவிடும். எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலை நினைவுக்கு வருகிறதென்று 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் சொன்னார்கள். குடும்பத்தின் அறிவியல் பெயர் அங்கிருந்து வந்தது.

வளர்ந்து முடிந்த புழு கொடியை விட்டு இறங்கி, மண்ணுக்குள் நுழைந்து, உள்ளே ஓர் அறை செய்துகொள்கிறது. அங்கே கூட்டுப்புழுவாகிறது. சர்க்கரைவள்ளி தோண்டும்போது மண்வெட்டியில் சிக்கும் செம்பழுப்பு நிறக் கட்டை போன்ற பொருளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முனையில் கூஜாவின் கைப்பிடிபோல் ஒரு வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்த யாரும் மறக்கமாட்டார்கள். அந்தக் கைப்பிடி என்னவென்று தெரியாமல் பலர் அதை உடைத்துப் பார்த்துவிட்டு எறிந்துவிடுகிறார்கள். பிறக்கப்போகும் பூச்சியின் நாக்கு உருவாகும் உறை அது. நாக்கு உடம்பைவிட நீளம். கூட்டுக்குள் இடம் போதாமல் தனியாக ஓர் உறை கட்டிக்கொண்டு வெளியே வளைந்து நிற்கிறது.

வெளிவந்த பூச்சியின் நாக்கு முதலில் இரண்டு தனி இழைகளாக இருக்கும். சுருட்டியும் நீட்டியும் அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி ஒரே குழாயாக்கிக்கொள்கிறது. உடம்பின் நீளம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர், நாக்கோ 10 சென்டிமீட்டர் அளவு. விரித்த சிறகுகள் ஓரத்துக்கு ஓரம் 8 முதல் 12 சென்டிமீட்டர் வரை போகும். பகலில் மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டால் சாம்பல் நிறச் சிறகுகள் பட்டையோடு பட்டையாகிவிடும். சிறகை விலக்கினால்தான் வயிற்றின் இருமருங்கும் இளஞ்சிவப்பும் கறுப்புமான பட்டைகள் தெரியும். பறப்பதற்கு முன் சிறகுத் தசைகளை நடுக்கி நெஞ்சைச் சூடேற்றிக்கொள்வதைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் கவனிக்கலாம்.

இவ்வளவு நீண்ட நாக்கு எதற்கு? 1862இல் சார்ல்ஸ் டார்வின், மடகாஸ்கரின் ஓர் ஆர்க்கிட் மலரை ஆராய்ந்தார். அதன் தேன்குழல் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளம். அதன் அடிவரை எட்டும் நாக்குள்ள அந்துப்பூச்சி ஒன்று அந்தத் தீவில் இருந்தே தீர வேண்டும் என்றார். மலாய்த் தீவுக்கூட்டத்தில் 1854 முதல் 1862 வரை சுற்றித் திரிந்த ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், 1867இல் அது பருந்து அந்துப்பூச்சியாகத்தான் இருக்கும் என்று உறுதி கூறினார். 1903இல் பூச்சியியலாளர்கள் ராத்ஸ்சைல்டும் ஜோர்டானும் அந்தப் பூச்சிக்குப் பெயரிட்டார்கள். பூவின் குழலும் பூச்சியின் நாக்கும் ஒன்றையொன்று இழுத்து நீண்டன என்பது டார்வின் வழி விளக்கம். ஜெர்மானிய விலங்கியலாளர் லுட்ஸ் வாசர்த்தால் இதற்கு மாறாக வாதிட்டார். பூவுக்குள் பதுங்கியிருக்கும் சிலந்தி போன்ற வேட்டைக்காரர்களுக்கு எட்டாத தூரத்தில் நின்று குடிக்கவே நாக்கு நீண்டது, பூக்கள் பின்னால் அதற்கேற்ப மாறின என்றார் அவர். அந்தரத்தில் நிற்கும்போது பூச்சி பக்கவாட்டில் ஊசலாடுவதையும் அவர் இதற்குச் சான்றாகக் காட்டினார். இரண்டில் எது சரி என்பதைவிட, இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம் என்பதுதான் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது.

நம் பூச்சிக்கு மடகாஸ்கர் ஆர்க்கிட் தேவையில்லை. ஆப்பிரிக்காவில் குழல் நீண்ட வெள்ளை மலர்களைக் கொண்ட பல தாவரங்கள் ஒரே பூச்சியை நம்பி வாழ்வதாக ஸ்டீவன் ஜான்சனும் ராபர்ட் ராகுசோவும் 2016இல் எழுதினார்கள். அந்தப் பூச்சி இந்த அக்ரியஸ்தான். பல தலைமுறை உழவர்கள் பகையென்று கருதிய புழு, வளர்ந்து பறந்ததும் ஒரு காட்டுத் தாவரக் கூட்டத்தின் மணத்தூதுவனாகிவிடுகிறது.

வீட்டு வாசலிலேயே இருக்கும் எடுத்துக்காட்டு பப்பாளி. ஆண் பப்பாளி மரத்தில் நீண்ட குழலோடு தொங்கும் வெள்ளைப் பூக்கள் அந்தியில் மணக்கும், தேனும் தரும். பெண் மரத்தின் பூவில் தேன் கிடையாது. ஆண் பூ என்று எண்ணி இருட்டில் ஏமாந்து வரும் பூச்சியால்தான் பெண் பூ சூல்கொள்கிறது. கென்யாவில் நடந்த கள ஆய்வுகள் பப்பாளிக்குப் பருந்து அந்துப்பூச்சிகளே முதன்மையான மகரந்தத் தூதுவர்கள் என்று காட்டின. இந்த நாட்டில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டி 1987இல் வெளியிட்ட எக்சோட்டிகா வகையில் இருபால் மரங்களைத்தான் பயிரிடுகிறார்கள். ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருப்பதால் அதற்குப் பூச்சியின் தயவு பெரும்பாலும் வேண்டாம். பறவை போட்ட விதையில் வேலியோரம் தானாக முளைத்த ஆணும் பெண்ணுமான பப்பாளிக்குத்தான் இந்த இரவு வேலையாள் வேண்டும்.

மகரந்தச் சேர்க்கைக்கு விலை உண்டு என்பதைத் தோட்டத் தமிழர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1981க்கு முன் மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் பூந்துகளைக் கையால் தூவுவது ஒரு கூலி வேலை. காமரூனிலிருந்து ஒரு சிறு வண்டை அந்த ஆண்டு கொண்டுவந்து விட்டபிறகு அந்த வேலையே இல்லாமல் போனது. பூச்சி இல்லாத இடத்தில் மனிதன் கையில் பொடியோடு மரம் மரமாக நடந்த காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஈழத்தலரியையும் சொல்லாமல் விட மனமில்லை. மலாய்க்காரர்கள் கம்போஜா என்று இடுகாட்டில் நடும் மரம். இரவில் அப்படி மணக்கும் அந்தப் பூவில் ஒரு துளித் தேனும் இல்லை. அதன் தாயகமான நடு அமெரிக்காவில் பருந்து அந்துப்பூச்சிகளை வாசனையால் மட்டுமே ஏமாற்றி அது காரியம் சாதித்துக்கொள்கிறது என்று 1984இல் ஓர் ஆய்வு காட்டியது.

இருட்டில் இந்தப் பூச்சிகளுக்கு எப்படிக் கண் தெரிகிறது? பருந்து அந்துப்பூச்சி ஒன்று விண்மீன் வெளிச்சத்திலும் நிறங்களைப் பிரித்தறிகிறது என்று 2002இல் அல்முட் கெல்பரும் சக ஆய்வாளர்களும் நிறுவினார்கள். அந்த வெளிச்சத்தில் நமக்கு எல்லாமே சாம்பல்தான். வௌவாலிடமிருந்து தப்பும் கலையிலும் இந்தக் குடும்பம் பின்தங்கவில்லை. மலேசியப் போர்னியோவில் ஜெஸ்ஸி பார்பரும் அகிட்டோ கவஹாராவும் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று பருந்து அந்துப்பூச்சி இனங்கள் வௌவாலின் ஒலிக்கு மறுமொழியாக நம் காதுக்கு எட்டாத மீயொலியை எழுப்புவது தெரியவந்தது. இனப்பெருக்க உறுப்பை வயிற்றில் தேய்த்து அந்த ஒலியை உண்டாக்குகின்றன. நம் சொந்த நாட்டுக் காட்டில் நடந்த கண்டுபிடிப்பு இது. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

நெடுந்தூரம் பறப்பதிலும் நம் பூச்சி பேர்பெற்றது. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி ஐரோப்பாவின் வடக்கே ஐஸ்லாந்து வரை போயிருக்கிறது. எப்படி வழி அறிகிறது என்பதற்கு அதன் உறவினமான மண்டையோட்டு அந்துப்பூச்சியிடமிருந்து ஒரு குறிப்பு கிடைத்திருக்கிறது. 2022இல் வெளியான ஆய்வில் மைல்ஸ் மென்சும் குழுவினரும் 14 பூச்சிகளின் உடலில் சிறு அலைபரப்பியைப் பொருத்தி, ஜெர்மனியிலிருந்து இரவில் சிறு விமானத்தில் பின்தொடர்ந்தார்கள். காற்று எதிர்த்தாலும் பக்கத்தில் தள்ளினாலும், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வரை அவை நேர்க்கோட்டில் பறந்தன. காற்று அடித்துப்போகும் இடத்துக்குப் போகிற சருகு என்றுதான் பூச்சியை வெகுகாலம் நினைத்திருந்தார்கள். சருகு எதிர்க்காற்றில் திசை திருத்திக்கொள்ளாது.

பாரிட் புந்தார் போன்ற ஊர்களில் இந்தப் பூச்சிக்கு இரண்டு இடைஞ்சல்கள் இருக்கின்றன. ஒன்று வெளிச்சம். பூச்சிகள் விளக்கை நிலவென்று நம்பி வருகின்றன என்பது பழைய விளக்கம். 2024இல் சாமுவேல் ஃபேபியனும் யாஷ் சோந்தியும் சக ஆய்வாளர்களும் வேறு விளக்கம் தந்தார்கள். பறக்கும் பூச்சி வெளிச்சம் வரும் பக்கத்தை வானம் என்று கொண்டு அதற்கு முதுகைத் திருப்பும். விளக்கு பக்கவாட்டில் இருந்தால் உடம்பு சாய்ந்து, அந்த விளக்கையே சுற்றி வந்து சிக்கிக்கொள்கிறது. அவர்களின் சோதனையில் இந்த விதிக்கு அடங்காத ஓரிரு பூச்சிகளில் அரளியிலை தின்று வளரும் பச்சைநிறப் பருந்து அந்துப்பூச்சியும் ஒன்று. ஆனால் அதை வைத்துக் குடும்பம் முழுவதும் விளக்கிலிருந்து தப்பும் என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. பருந்து அந்துப்பூச்சி ஆய்வாளர்கள் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்துத்தான் இன்றும் அவற்றைச் சேகரிக்கிறார்கள். பெரிய அந்துப்பூச்சி வீட்டுக்குள் வந்தால் மறைந்துபோன உறவினர் பார்க்க வந்திருக்கிறார் என்று அடிக்காமல் விடும் வழக்கம் இந்த நாட்டுச் சீனக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன்.

இரண்டாவது இடைஞ்சல் புல்மருந்து. வாய்க்கால் கரையில் படரும் காட்டுக்கொடி களையாகத்தான் கணக்கில் வரும், மருந்தடித்தால் கருகிவிடும். முட்டையிட இலை இல்லாத கரையில் பூச்சி தங்காது. இந்த மருந்துகளின் கதை நம் சமூகத்துக்குப் புதிதன்று. தோட்டங்களில் முதுகில் தொட்டியைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பங்கு நம் பெண்கள். தெனாகானித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட அறிக்கை அவர்களின் கண் எரிச்சலையும், தோல் புண்களையும், மூக்கில் வழிந்த இரத்தத்தையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பாராகுவாட் மருந்துக்கு அந்த ஆண்டே தடை அறிவிக்கப்பட்டது, 2006இல் தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடைமுறைக்கு வர 2020 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொடியைக் கருக்கிய மருந்தே அதைத் தெளித்தவரின் நுரையீரலையும் கருக்க வல்லது. பூச்சியைப் பற்றிப் பேசுவது மனிதரை மறந்துவிட்டுப் பேசுவதாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

கங்குங்கோ சர்க்கரைவள்ளியோ விற்பனைக்குப் பயிரிடுகிறவர் புழுவைக் கையால் பொறுக்கத்தான் வேண்டும். அதில் குறை சொல்ல எதுவுமில்லை, அதுவே எல்லாருக்கும் பாதுகாப்பான வழி. யாருக்கும் பயன்படாத கரையில் தானாகப் படர்ந்த கொடியை மட்டுமாவது விட்டுவைக்கலாம். பொறுக்கிய புழுவை அந்தக் கொடியில் கொண்டுபோய் விடலாம். வாசல் விளக்கை இரவு முழுக்க எரியவிடாமல் படுக்கப்போகும்போது அணைத்துவிடலாம். அடுத்தமுறை கிழங்கு தோண்டும்போது, கூஜாக் கைப்பிடி வைத்த அந்தச் செம்பழுப்புக் கூட்டுப்புழு மண்வெட்டியில் தட்டுப்பட்டால் உடைக்காதீர்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையை அழைத்து அந்த நாக்கைக் காட்டுங்கள். பிறகு நாலு விரல் ஆழத்தில் மண்ணுக்குள் வைத்து மூடிவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அது தானாக வெளியே வந்துவிடும்.